ஆங்கிலேயப் பிணம்

"மீசை கோணலா இருக்குடா. கொஞ்சம் இடப்பக்கம் இழு."

மாவு ஆலைக்கார ஸ்வெட்மன் பிணத்தின் மேலுதட்டில் மரப்பிசினைத் தடவி ஆட்டு மயிரை ஒட்டிக்கொண்டிருந்தான். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். செத்தவன் மட்டும்தான் சும்மா கிடந்தான்.

அவன் யாரென்று ஊரில் எவருக்கும் தெரியாது. குடித்துவிட்டு இருட்டில் ஆலைக்குளத்தில் விழுந்திருக்க வேண்டும். விடிந்ததும் ஆலைச் சக்கரத்தில் சிக்கிக் கிடந்தான்.

யாரோ வழிப்போக்கன் என்று புதைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் முகம் மழுங்கச் சிரைத்திருந்தது. பின்மண்டையும் காதுவரை வழித்திருந்தது. காலில் நல்ல தோல் காலணி. இவை போதாதா? நார்மன். கடல் தாண்டி வந்து எங்கள் நாட்டைப் பிடித்த அவர்கள்தான் இப்படி மீசையில்லாமல் சிரைப்பார்கள்.

நார்மன் செத்துக் கிடந்தால் கொன்றவனைத் தேடி அவர்கள் அலைய மாட்டார்கள். ஊரையே பிடித்துக்கொள்வார்கள். தண்டம் என்று எருதுகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உழவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. எருது போனால் பயிர் இல்லை, பயிர் இல்லாவிட்டால் நாங்களும் இல்லை.

ஆங்கிலேயன் செத்தால் தண்டம் கிடையாது. எங்கள் ஹரால்டு ராஜா சண்டையில் விழுந்து, நார்மன் வில்லியம் முடிசூடிய பிறகு எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். நாங்கள் இலவசமாகச் சாகலாம்.

அதற்கும் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். செத்தவன் ஆங்கிலேயன்தான் என்று சொந்தக்காரர் வந்து சத்தியம் செய்ய வேண்டும். யாரும் வராத பிணமெல்லாம் நார்மன் பிணம்.

அதற்குத்தான் லியோப்ரூனைப் பிடித்தோம். தெற்கே கடலோரத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவள் புருஷன் ஆர்ட்ரிக், ஹரால்டு ராஜாவோடு சண்டைக்குப் போனவன், திரும்பவே இல்லை. எங்கள் ஊரில் அவனைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. அவசரத்துக்கு இதைவிடத் தோதான புருஷன் கிடைப்பானா?

அவள் பிணத்தைப் பார்க்கக்கூட வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தே கத்தினாள். "நார்மன் பயலுக்கு நான் எதுக்குடா அழணும்? என் புருஷனைக் கொன்னதே அவனா இருக்கும்!"

"அக்கா, உன் எருதையும் சேர்த்துத்தான் ஓட்டிட்டுப் போவான்," என்றான் ஸ்வெட்மன்.

கதவு திறந்தது.

மதியம் பிணச் செய்தி கேட்டு நார்மன் துரை வந்தார். கூட இரண்டு சிப்பாய்கள், ஒரு மொழிபெயர்ப்பாளன். பிணத்தின் தலையில் அதற்குள் ஒரு தொப்பியை மாட்டி, வழித்த மண்டையை மறைத்திருந்தோம்.

லியோப்ரூன் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே பிணத்தின் பக்கத்தில் பொத்தென்று விழுந்தாள். "என் ராசா, என்னை விட்டுட்டுப் போயிட்டியே..." என்று ஆரம்பித்தாள். முக்காட்டை விலக்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஒப்பாரி பாதியில் நின்றது.

வசனம் மறந்துபோய்விட்டது என்று நினைத்தான் ஸ்வெட்மன். பின்னாலிருந்து அவளை ஒரு கிள்ளு கிள்ளினான்.

அப்புறம் அவள் அழுத அழுகை நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை. துரையின் குதிரை மிரண்டு பின்வாங்கியது. இவ்வளவு கெட்டிக்காரியை இத்தனை நாள் வெறும் பால் கறக்கவா விட்டிருந்தோம் என்று எனக்கே வருத்தமாகப் போய்விட்டது.

துரைக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. மொழிபெயர்ப்பாளன் காதில் ஏதோ சொன்னார்.

"பொண்டாட்டின்னா உடம்புல ஒரு அடையாளம் சொல்லச் சொல்றார் துரை."

இதை நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. மனதுக்குள் என் எருதுகளை வழியனுப்பிவிட்டேன்.

"பின்னாடி, இடது பக்கம்," என்றாள் அவள். "பன்னி கடிச்ச தழும்பு."

அடிப்பாவி! வேறு எதுவுமே தோன்றவில்லையா இவளுக்கு? ஸ்வெட்மன் கண்ணை மூடிக்கொண்டான். சிப்பாய் பிணத்தைக் குப்புறப் புரட்டி, கால்சட்டையை இறக்கினான்.

அரைவட்டமாகப் பல்வரிசை. வெளுத்துப்போன பழைய தழும்பு.

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். ஆங்கிலேயன்தான் என்று கையை வீசிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். எருதுகள் தப்பித்தன.

"பின்னிட்டக்கா! போதும், அவன் போயிட்டான். அழுகைய நிறுத்து," என்று ஸ்வெட்மன் அவள் தோளைத் தட்டினான். தட்டிய கை அப்படியே நின்றது. அந்தத் தழும்பைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

லியோப்ரூன் அவனைத் தனியாகவே மல்லாக்கப் புரட்டினாள். கால்சட்டையை ஏற்றிவிட்டாள். சிரைத்த தாடையைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள், சட்டைக்குள் அடங்காத தொப்பையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு கையை ஓங்கி அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

"நீ செத்துட்டேன்னு நெனச்சு வருஷம் தவறாம கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேனேடா, பாவி!"