முதல் வரிசை, மூன்றாம் வளவு

சர்வேயர் கனகசிங்கம் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த பிளானைப் பார்த்தார். மறுபடியும் கம்பத்தைப் பார்த்தார்.

“கம்பமெல்லாம் ஏன் வாவிப் பக்கம் நிக்குது? நான் சிவப்பு முளை அடிப்பிச்சது கடல் பக்கம்தானே?”

பக்கத்தில் நின்ற சங்கிலிக்காரர் மீராசாஹிப் நிலம் அளக்கும் சங்கிலியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

பன்னிரண்டு குடும்பமும் புதுத் தெருவில் கூடி நின்றது. போன கோடையில், ஓர் அடுப்பிலிருந்து பறந்த பொறியில், ஒரே மத்தியானத்தில் குடிசைகளைப் பறிகொடுத்த சனம் அது. பாவம் பார்த்து அரசாங்கக் கச்சேரி இந்தக் காணியைக் கொடுத்திருந்தது. நடுவில் தெரு. வாவிப் பக்கம் ஆறு வளவு, கடல் பக்கம் ஆறு வளவு. பட்டணத்து எஞ்சின் வீட்டிலிருந்து புது ஆஸ்பத்திரிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிக்கும் இந்தத் தெருவை விட்டால் வேறு வழியில்லை.

கனகசிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். அதுவரை யாருக்கும் சொல்லாத காரணத்தை அப்போதுதான் சொன்னார். கடல் பக்க வளவுகள் நீளமானவை. கம்பி அந்தப் பக்கம் போனால் வீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், ஒருவருக்கும் பயமில்லை. வாவிப் பக்கம் அப்படியா? பின்னால் தண்ணீர். வீடு தெருவோரம்தான் வந்து நிற்கும். கிடுகுக் கூரைக்கு மேலேயே கம்பி ஓடும்.

முளைகளை அடிப்பித்துவிட்டு அவர் கல்முனைக்கு வேறு வேலையாகப் போய் எட்டு நாள். அதற்குள் கூலியாட்கள் வந்து, முளை இருந்த இடத்தில் குழி தோண்டிக் கம்பமும் நட்டு, கம்பியும் இழுத்துவிட்டார்கள்.

கூலியாட்கள் கள்ளு மயக்கத்தில் நட்டிருப்பார்கள் என்றார் ஒருவர். முளையை மாடு இடறியிருக்கும் என்றார் இன்னொருவர். ஏழு முளையையும் ஒரே மாடு இடறி, தெருவுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நேராக நட்டுவிட்டுப் போனது போல. மீராசாஹிப் இரண்டு பேச்சுக்கும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை துரை வந்து மின்சாரத்தைத் திறந்து வைக்கிறார். இனிக் கம்பத்தைப் பிடுங்க முடியாது. கனகசிங்கம் பெருமூச்சு விட்டுப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.

“முதல் வரிசை, வாவிப் பக்கம்.”

மீராசாஹிப் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“மூன்றாம் வளவு. மீராசாஹிப் மகள் நஸீறா.”

மீராசாஹிப், சர்வேயர் தவறி வாசித்துவிட்டார், இப்போது திருத்துவார் என்று பார்த்துக்கொண்டே நின்றார். சர்வேயர் நாலாம் வளவுக்குப் போய்விட்டார்.

நஸீறா ஓடிப் போய்த் தன் வளவின் நடுவில் நின்றாள். பெருநாள் கழிந்ததும் அவளுக்கு நிக்காஹ். இந்த ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை. அந்த வீட்டின் முகடு எங்கே வருமோ, சரியாக அதற்கு மேலே கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

போன மாசம் பட்டணத்தில் சோதனைக்கு மின்சாரம் விட்ட அன்று, கம்பி அறுந்து ஒரு மாட்டின் மேல் விழுந்ததை மீராசாஹிப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தவர். மாடு கத்தக்கூட இல்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒழுங்கான உறக்கம் கிடையாது.

கடல் பக்கம், இரண்டாம் வரிசை, நேரெதிர் வளவு கைறுன்னிஸாவுக்கு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஐந்து பிள்ளைகளோடு நிற்பவள். தன் வளவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தெருவைக் கடந்து, அண்ணனாகப் பழகிய அவரிடம் வந்தாள்.

“யோசிக்காதீங்க காக்கா. கலியாணச் சோறு எங்கட வளவுல ஆக்குவம். இஞ்ச கம்பிக்குக் கீழ நெருப்பு மூட்ட வேணாம். மழைக்கு உங்கட ஊட்டுப் புள்ளையளும் எங்கட ஊட்ட வந்து படுக்கட்டும்.”

உண்மையைச் சொல்ல அவர் வாயெடுத்தார். சொன்னால் வேலை போகும், வளவு போகும், மாப்பிள்ளை போவான். சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார்.

முளை அடிப்பித்த அன்றைக்கு, இலக்கம் போடாத பிளானை விரித்து வைத்து, முதல் வரிசையில் மூன்றாவது உம்முடைய மகளுக்கு, இரண்டாம் வரிசையில் மூன்றாவது கைறுன்னிஸாவுக்கு என்று சர்வேயர் சொல்லியிருந்தார். அவர் போன பிறகு மீராசாஹிப் கட்டங்களில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் ஓதப்பள்ளியில் படித்த குர்ஆன் எழுத்துதான். அது வலப்பக்கம் தொடங்கும். பிளானில் வலப்பக்கம் கடல். அதனால் அவருக்கு முதல் வரிசை கடல் பக்கம் ஆனது.

அந்த மத்தியானமே, ஊர் தொழுகைக்குப் போயிருந்த நேரம், ஏழு சிவப்பு முளைகளையும் பிடுங்கி வாவிப் பக்கம் கொண்டுவந்து அடித்தார்.

மூன்றாவதை அடிக்கும்போது கைறுன்னிஸாவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கை ஒரு கணம் நின்றது.

பிறகு அந்த முளைக்கு மட்டும் நாலு தட்டு கூடுதலாகப் போட்டார், யாரும் அசைத்துவிடக் கூடாதென்று.