ஐம்பது மீட்டர் தீர்மானம்

பவளப்பாறை பார்க்க ஒரு வாரமாகக் கடலிலேயே தங்கியிருந்த படகு அது. முக்குளிப்பவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவர்களுடைய சாமான்கள் கூட்டம் போட்டன. அடுத்த முறை எவ்வளவு ஆழம்?

"நாற்பது மீட்டர்!" என்று துள்ளின துடுப்புச் செருப்புகள். "ஐம்பது!" என்று கூவி டார்ச் விளக்கு ஒரு ஆட்டமே போட்டது.

காற்றைச் சுமக்கும் சிலிண்டர் குறுக்கிட்டது. "தோழர்களே, ஆழம் கூடக் கூடக் காற்று சீக்கிரம் தீரும். முப்பதோடு நிற்போம்."

"அண்ணனுக்கு வயசாயிடுச்சு டோய்!" மேல்தளம் அதிரச் சிரித்தன. ஐம்பது ஏகமனதாக நிறைவேறியதாக அறிவிப்பு வந்தது.

சிலிண்டர் டங்கென்று எழுந்தது. "ரொம்ப சந்தோஷம். இறங்குவதற்கு என்னிடம் காற்று இருக்கிறது. மேலே வருவதற்கும் இருக்க வேண்டும் என்று இன்னொரு தீர்மானம் போடுங்கள். கிளம்பிவிடலாம்."