தையல்காரியின் நாற்காலி

சக்கர நாற்காலிக் கடையில் காலை வெயில் தரையெங்கும் பளபளக்கிறது. தையல்காரி ஒரு கையால் வலது தொடையை அழுத்தியபடி, மறு கையில் இஞ்சு டேப்போடு நிற்கிறாள். சின்ன வயதில் போலியோ வலது காலை வாங்கிக்கொண்டது. அன்றுமுதல் இரட்டைச் சுமை சுமந்த இடது கால், ஐம்பது வயதில் கைவிரித்துவிட்டது. போலியோவின் பழைய பாக்கிதான் இந்தத் தளர்ச்சியும் என்கிறார் டாக்டர். அவளுடைய வெட்டு மேசைக்கு அடியில் இருபத்தெட்டு இஞ்சு இடம். கடைக்காரர் காட்டிய மூன்று நாற்காலிகளும் அதில் நுழையாது. நாலாவது, பேட்டரியில் ஓடுவது. அதன் கைப்பிடி உயரத்தை, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஜாய்ஸ்டிக்கோடு சேர்த்து அளக்கிறாள். டேப் இருபத்தேழில் நிற்கிறது. “நுழையும்!” என்று கத்தியேவிடுகிறாள். உட்கார்ந்ததும் வலது கை பழக்கதோஷத்தில் தொடையைத் தேடிப் போகிறது; பாதியில் திரும்பி ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்கிறது. லேசாகத் தள்ளியதும் நாற்காலி மெல்ல உறுமிக் கிளம்புகிறது. விற்பனைக்கு அடுக்கிய ஊன்றுகோல்கள் பின்னால் போகின்றன, வாயைப் பிளந்த கடைக்காரரும். சுவர் வரை போய், ஒரே வட்டமடித்து, வாசலை நோக்கிப் பறக்கிறாள். கணவர் அவள் கைப்பையோடு, செருப்பு சடசடக்க ஓடிவருகிறார். “ஏய், மெதுவாப் போ! நானும் வர வேணாமா?” முப்பது வருஷமாக ஒவ்வொரு தெருவிலும் அவர் முதுகைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி அது. அவருடைய பதிலும் அவளுக்கு மனப்பாடம். “மெதுவாத்தானே போறேன், வாங்க!” என்கிறாள், ஜாய்ஸ்டிக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி.