பெனால்டி நேரத்துக் குரல்

ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் எங்கள் ஊர் அணிக்குப் பெனால்டி கொடுத்தார். வர்ணனை அறையில் அப்போது மைக் முன்னால் இருந்தவள் மருந்துக்கடை.

மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால் வகுப்பில் அவளுக்கு அந்தப் பெயர். என்னிடம் கால்பந்து வர்ணனை கற்கும் மூன்று பேரில் ஒருத்தி. வானொலியில் ஓர் இடம்தான் காலி. அது யாருக்கு என்று நான் இன்றே சொல்லியாக வேண்டும்.

மற்ற இருவரும் தங்கள் முறையில் சொதப்பிவிட்டார்கள். வெண்கலத் தொண்டைக்காரன், வலை வெளிப்பக்கம் ஆடியதைப் பார்த்துவிட்டு என் காது கிழிய ‘கோல்’ என்று கத்தினான். பிறகுதான் பந்து எங்கே என்று தேடினான்.

அடுத்தவன், எங்கள் அணி ஒரு கோல் வாங்கியதும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டான்.

மைக் முன்னால் உட்கார்ந்தால் உனக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை என்று தொண்டைத்தண்ணீர் வற்ற நான் கத்துவது இதற்குத்தான். எதிரணி நன்றாக ஆடினால் அதற்கும் குரல் எழ வேண்டும். யார் கேட்கிறார்கள்?

“ஒன்பதாம் எண் பந்தை வைக்கிறார்” என்றாள் அவள். நிதானமான குரல். “கோல்கீப்பர் கோட்டின்மேல் அசையாமல் நிற்கிறார்.”

இது உள்ளே போனால் ஆட்டம் சமன். போகாவிட்டால் எங்கள் ஊருக்குக் கோப்பை இல்லை.

ஒன்பதாம் எண் ஓடிவந்து உதைத்தார். கோல்கீப்பர் வலப்பக்கம் பாய்ந்து, விரல்நுனியால் பந்தை வெளியே தள்ளிவிட்டார்.

மைதானமே வாயடைத்துப் போனது. அவள் குரல் மட்டும் துள்ளி எழுந்தது.

கடைசி நொடிவரை ஏமாறாமல் நின்ற அந்தக் கோல்கீப்பரை அவள் வாயாரப் புகழ்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல, அந்தப் பாய்ச்சலை நான் இரண்டாவது முறை பார்த்த மாதிரி இருந்தது. ஒன்பதாம் எண் உதைக்கும் முன்பே கண்ணால் மூலையைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பதையும் சொன்னாள். மழுப்பவில்லை, குத்தவும் இல்லை.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடத்தில் நானே இப்படிச் சொன்னதில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இறுதி விசில் வந்தது. வென்ற அணியை வாழ்த்தி முடித்து, மைக்கை அணைத்தாள்.

வானொலி இடம் அவளுக்குத்தான் என்று மற்ற இருவர் முன்னாலேயே சொன்னேன். வெண்கலத் தொண்டைக்காரன்தான் முதலில் கைதட்டினான்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கண்ணாடி வழியே மைதானத்தை எட்டிப் பார்த்தாள்.

“ரொம்ப நன்றி மேடம். நான் கொஞ்சம் கீழ போயிட்டு வந்துடட்டுமா? என் தம்பி இன்னும் பந்து வச்ச இடத்துலயே உக்காந்திருக்கான்.”