இருபதாவது கேள்வி

வாசற்படியில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி, பழனியாண்டி போனில் இருபதாவது கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தான். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று சொல்லித்தரும் 'வாக்குத் துணை' அது. 'உங்கள் தோட்டத்தின் அவசரத் தேவை என்ன?' என்று கேட்டிருந்தது.

"ஏழாம் நம்பர் மலையில குளவிக் கூட்டைக் கலைக்கணும்னு போட்டுட்டேன் புள்ள. தொரைகிட்ட மூணு தடவ சொல்லியாச்சு. இது கொழும்பு வரைக்கும் போகும்," என்றான் மனைவி காளியாயியிடம்.

போன் சற்று யோசித்தது. 'உங்கள் கருத்துகளோடு சீப்புச் சின்னக் கட்சி 91 வீதம் பொருந்துகிறது.'

மறுநாள் காலை ஒரு கழுகு அந்தக் கூட்டைச் சீண்டிவிட்டுப் பறந்தது. கீழே தண்ணீர் வடியக் கான் வெட்டிக்கொண்டிருந்த பழனியாண்டியால் பறக்க முடியவில்லை.

அவனுடைய காரியம் முடிந்த மறுவாரம் றமணன் லயத்துக்கு வந்தான். வாக்குத் துணையைத் தோட்டம் தோட்டமாகப் பரப்பும் யாழ்ப்பாணத்துப் பையன். 'எக்கட்சியையும் சாராதது' என்று அவன் சட்டையிலேயே அச்சடித்திருந்தது.

"எங்க வீட்டுக்காரரு எழுதுனத யாரு தம்பி படிச்சாங்க?" என்று கேட்டாள் காளியாயி.

"ஆக்கள் படிக்கிறதில்லை அக்கா. எல்லாம் கொம்பியூட்டர்தான்."

"அப்ப பொறுப்பு?"

"அது வெறும் ஆலோசனைதானே. பொறுப்பெண்டு ஒருத்தரும் இல்லை."

காளியாயி தலையாட்டினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஏழாம் நம்பர் மலைக்கு வாங்களேன். நாப்பது பேரு கொழுந்து எடுக்குறாங்க. நாப்பது ஓட்டும் ஒரே எடத்துல."

ஏழாம் நம்பரில் ஒருவரும் இல்லை. பழனியாண்டி போனதிலிருந்து அங்கே யாரும் ஏறுவதில்லை. காளியாயி றமணனை டர்பன்டைன் மரத்தடியில் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். மேலே, பலாப்பழம் அளவில் ஒரு கூடு முணுமுணுத்தது.

அவளுடைய வலக் கை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. கல்லாகத்தான் இருக்கும் என்று, அதற்கும் கூட்டுக்கும் உள்ள தூரத்தை றமணன் கணக்குப் போட்டான்.

"அக்கா, விசர் வேலை செய்யாதேங்கோ!"

"சத்தம் போடாதீங்க தம்பி, அதுகளுக்குப் புடிக்காது. அந்த இருபது கேள்விக்கும் நீங்க பதில் சொல்லுங்க."

றமணன் தன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டினான். இருபதாவதற்கு, 'குளவிக் கூட்டை உடனே, உடனே, உடனே அகற்றவும்' என்று எழுதினான்.

போன் சற்று யோசித்தது. சீப்பு, 91 வீதம்.

காளியாயி கையை வெளியே எடுத்தாள். றமணன் கண்களை மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், அவள் கையில் பழனியாண்டியின் போன். அதிலும் சீப்பு, 91 வீதம்.

"எங்க வீட்டுக்காரரு சொன்னது அங்க ஏறல. நீங்க படிச்ச புள்ள, சட்டையில எழுத்தெல்லாம் போட்டிருக்கீங்க. இங்க நின்னு பாத்தத நீங்க போய்ச் சொன்னா கேப்பாங்க, தம்பி."

றமணன் ஓடினான். சொல்லவும் செய்தான், பொலிசில்: குளவியை ஏவிக் கொலை முயற்சி.

அன்று மாலையே காளியாயியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி மஞ்சள் நாடாவும் கட்டினார்கள்.

வழக்கு முடியும்வரை ஆயுதத்தை யாரும் தொடக் கூடாதாம். கூடு அப்படியே தொங்குகிறது.