தேரோட்டக் காவல்

தேரோட்டத்தன்று காலையிலேயே ஆறுமுகத்தாய் இளைய மகனை இழுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். மூத்தவன் மணிராஜ் மறுபடியும் சீர்திருத்தப்பள்ளியில் இருந்தான்.

ஏட்டு இசக்கியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "இவனும் கிளம்பிட்டானா? என்னத்தக் களவாண்டான்?"

"ஒண்ணுமில்ல. தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் இங்கன இருக்கட்டும்."

"வெளியே போம்மா!"

"மாட்டேன்!" மகனோடு பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். திருவிழா அமளியில் ஏட்டு அவர்களை மறந்தேபோனார்.

மாலையில் ஒரு பெண் அழுதுகொண்டே ஓடிவந்தாள். தேர்க்கூட்டத்தில் எவனோ சங்கிலியை அறுத்துவிட்டானாம்.

ஏட்டு எழுதுவதை நிறுத்தாமலே போலீஸ்காரரிடம் கத்தினார்: "அந்த மணிராஜோட தம்பியைப் பிடிச்சிட்டு வாரும்வே!"

"தேட வேண்டாம்யா!" ஆறுமுகத்தாய் எழுந்து நின்றாள். "காலையிலருந்து உங்க முன்னாலதான் உக்காந்திருக்கான். செய்யாத களவுக்கு அடிச்சு அடிச்சுதான் மூத்தவனைக் களவாணியாக்குனீய. இவனைத் தரமாட்டேன்."