அனலை வீணாக்குவானேன்

விடிந்ததிலிருந்து பொருமிக்கொண்டிருந்த புலேங், செத்த கோழிக்குஞ்சுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். எர்மெலோவில் அன்று பத்து மணியாகியும் உறைபனி கரையவில்லை.

"மோசா! வெளிய வாடி! என் குஞ்சுங்களுக்கு என்னடி வெச்ச? ஒண்ணு விடாம செத்துக் கெடக்குது!"

மோசா சிரித்தாள். "பூட்டுன கொட்டகைக்குள்ள நான் எப்படிக்கா வருவேன், கொசுவாட்டமா?"

"நக்கலா? சூடு வெளிய போகக் கூடாதுன்னு இண்டு இடுக்கெல்லாம் நானே சாக்கு வெச்சு அடைச்சிருந்தேன்டி."

"சூட்டுக்கு என்ன வெச்ச?"

"கரண்டு விக்கிற விலைக்கு ஹீட்டரா போடுவாங்க? தகர டின் கணப்புதான். புகையில செத்துச்சுன்னு சொல்லிடாத. வெளியவே பத்தவெச்சு, புகையெல்லாம் போயி, கரி செவசெவன்னு ஆனப்புறம்தான் உள்ள வெச்சேன். ஊரே அப்படித்தான வெக்குது?"

மோசாவின் சிரிப்பு நின்றது. "இப்ப அந்தக் கணப்பு எங்கக்கா?"

"குஞ்சே போயிடுச்சு, அனலை வீணாக்குவானேன்? நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்த எங்க வீட்டுக்காரரு ரூமுல வெச்சு, கதவிடுக்கையும் அடைச்சேன். நல்ல தூக்கம். நான் போட்ட கூப்பாட்டுக்கு அசையக்கூட இல்ல."

மோசா அவளைத் தள்ளிவிட்டு அவள் வீட்டுக்குள் ஓடினாள்.

"ஏய், ஆம்பள படுத்திருக்கிற ரூமுக்கு எங்கடி ஓடுற? ஏங்க! எந்திரிச்சு இவள வெளிய தள்ளுங்க!"

"புகை போனாலும் கரியோட விஷம் போகாதுக்கா! குஞ்சுங்கள அதுதான் கொன்னுச்சு!"

புலேங்கின் கையிலிருந்து சாக்கு நழுவியது.

"ஏங்க..." என்றாள்.

உள்ளே ஜன்னல் கண்ணாடி உடையும் சத்தம் மட்டும்தான் கேட்டது.